கூரை கேட்டுப் போனவள்

அர்ஜென்டினாவில் எங்கள் வில்லா கிரெஸ்போ பேட்டையில் நொயெமி ஸ்லூட்ஸ்கி எதிரே வருவதைக் கண்டால் சட்டென்று தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிற ஆட்கள் உண்டு. பணம் உள்ளவர்கள்தான் அப்படிப் போவார்கள். இல்லாதவர்கள் நின்று நலம் விசாரிப்பார்கள். யார் யார் கடந்து போகிறார்கள் என்று அவளும் பார்த்து வைத்துக்கொள்வாள். யாரிடம் பணம் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது என்பாள்.

அவள் வேலை அதுதான். யூதர்களான எங்கள் இத்திஷ் மொழிப் பண்பாட்டு இல்லத்துக்காகப் பெரிய கைகளிடம் பெரிய தொகை கேட்டு வாங்குவது. பிச்சை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; நொயெமிக்குக் கோபம் வரும், எனக்கும் வரும். பதினாலாயிரம் புத்தகம், நூற்றிருபது நாற்காலி போட்ட ஒரு சின்ன நாடக அரங்கு, எழுபது வயதுக்குக் கீழே ஆளே இல்லாத ஒரு பாட்டுக்குழு. இதெல்லாம் டிக்கெட் விற்றே நடந்துவிடும் என்று நினைக்கிறவன் ஒருநாள் எங்கள் கச்சேரிக்கு வந்து தலைகளை எண்ணிப் பார்க்கட்டும்.

அவள் அப்பா போர்வையும் படுக்கை விரிப்பும் தோளில் சுமந்து வீடு வீடாகத் தவணைக்கு விற்றவர். கதவு தட்டுகிற கை அங்கிருந்து வந்தது. இருபது வருடம் எங்கள் பள்ளியில் பாடம் நடத்தினாள். தொண்டை கெட்டுப்போனதும், மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி இல்லத்துக்கு வந்தாள். அந்த மூன்று மாதம் இருபத்தொரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. சம்பளம் மட்டும் எப்போதும் இரண்டு மாதம் பின்னால் வந்தது.

ஒரு செருப்புப் பெட்டி வைத்திருந்தாள். அதற்குள் பச்சை அட்டைகள், ஆளுக்கு ஒன்று. மருமகனைப் பற்றிப் பேச்செடுக்காதே. அட்லாண்டா கால்பந்து அணி தோற்ற வாரம் போகாதே. சர்க்கரை வியாதி, ஆனால் கேக்கை மறுத்தால் வருத்தப்படுவார். இப்படி. செத்துப்போன உறவுகளின் பெயரும் தேதியும் ஒவ்வோர் அட்டையின் பின்பக்கமும் இருக்கும். எங்களவர் கை திறப்பது பெரும்பாலும் செத்தவர்களுக்காகத்தான். உயிரோடு இருக்கிற தம்பிக்கு ஒரு காபி வாங்கிக் கொடுக்க மாட்டான், செத்த அப்பாவின் பெயருக்கு ஒரு பியானோ வாங்கித் தருவான்.

கேட்பதற்கும் அவளிடம் ஒரு முறை இருந்தது. தொலைபேசியில் கேட்கவே கூடாது. முதல் தடவை போனதும் கேட்கக் கூடாது. வெறுங்கையோடு போகக் கூடாது. கொடுத்ததைச் சாப்பிட வேண்டும். கேட்கிற நாள் வந்ததும் தொகையைத் தெளிவாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்த வார்த்தை அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஒரு பொத்தான் முதலாளியின் விதவை முன்னால் பதினொரு நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தாளாம். எங்கள் பியானோ அப்படி வந்ததுதான்.

அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் வருடா வருடம் வருகிற சாந்தா ரோசா புயல் சொல்லிவைத்த மாதிரி வந்தது. ஒரே ராத்திரியில் நூலகத்துக் கூரைத் தகடுகளில் பாதி பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு முற்றத்தில் போய் விழுந்தது. புத்தகங்களை அள்ளி அள்ளி அரங்கத்துக்குக் கொண்டுபோய் நாற்காலிகளின் மேல் அடுக்கி பிளாஸ்டிக் விரிப்பால் மூடினோம். எழுபது வயதுப் பாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று கைமாற்றிக் கொடுத்தார்கள். அரங்கத்துக் கூரையும் அவ்வளவு நம்பக்கூடியதில்லை.

புதுக் கூரைக்கு நாற்பதாயிரம் டாலர் என்றான் மேஸ்திரி. இல்லத் தலைவர் தீத்தோ வைனர் குலுக்கல் சீட்டு நடத்தினார், நடனம் வைத்தார், ஆறாயிரம் தேறியது. வசந்த மழை முழுசாக இறங்குவதற்குள் கூரை ஏறாவிட்டால் கட்டிடத்தை அடுக்குமாடி கட்டுகிறவனுக்கு விற்றுவிட்டு, புத்தகங்களைப் பெட்டியில் போட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதற்காவது அனுப்பிவிடுவது என்று நிர்வாகக் குழு பேசியது. அக்டோபர் கடைசியில் பொதுக்கூட்டம், அங்கே வாக்கெடுப்பு. நொயெமி பயந்துபோனாள். வேலை போய்விடும் என்பதற்காக அல்ல. அந்த வீட்டுக்குள் நுழைந்தால்தான் அவள் அப்பா பேசிய மொழி அவள் காதில் விழும். வேறெங்கும் விழாது.

பெட்டியில் ஓர் அட்டைதான் நாற்பதாயிரம் தாங்கும். தோன் என்று ஊர் மரியாதையாக அழைக்கிற இசிதோரோ குஷ்னிர், ஜிப் தொழிற்சாலை வைத்திருந்தவர், வயது எழுபத்தேழு, மனைவி இல்லை, பிள்ளை இல்லை, பக்கத்து அல்மாக்ரோ பேட்டையில் தனியாக இருக்கிறார். மூன்று வருடமாக நொயெமி அவரைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறாள், ஒரு பைசா கேட்டதில்லை. முதல் வருடம் ஜூலை பதினாலாம் தேதி தற்செயலாகப் போனபோது சமையலறை மேடையில், கண்ணாடி டம்ளரில், செத்தவர்களுக்கு ஏற்றுகிற மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. யாருக்கு என்று கேட்டாள். "என் தங்கச்சிக்கு. பெர்லா" என்றார். அதற்குமேல் பேசவில்லை. அட்டையின் பின்பக்கம் அப்பா பெயர், அம்மா பெயர், அவற்றுக்குக் கீழே பெர்லா, ஜூலை பதினாலு என்று எழுதினாள். அடுத்த இரண்டு வருடமும் அதே தேதியில் லெகேஜ் என்கிற தேன் கேக்கோடு போனாள். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, அதிகம் பேசாமல், கண்ணாடிக் கோப்பையில் தேநீர் குடித்தார்கள்.

ஒரு சின்ன விஷயம் அப்போதே அவளை உறுத்தியிருக்க வேண்டும். செத்த நாளை எங்கள் காலண்டர்ப்படிதான் வைப்போம். ஊர்க் காலண்டரில் அது வருடா வருடம் முன்னே பின்னே போகும். இவருடையது நகரவே நகராமல் ஜூலை பதினாலிலேயே நின்றது. பழைய இடதுசாரி ஆள், சாஸ்திரம் பார்க்கமாட்டார் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

செப்டம்பரில், எங்கள் யூதப் புத்தாண்டு முடிந்த மறுநாள், கேட்பதற்குப் போனாள். போகும்போது பொறிப்புக்காரரிடம் ஒரு நினைவுத் தகட்டின் மாதிரியை வரைந்து வாங்கிக்கொண்டு போனாள். தன் ஆட்களின் பெயரைக் கண்ணால் பார்த்துவிட்டால் இளகாத மனிதர் இல்லை என்பது அவள் அனுபவம். அழகான வரைபடம். குஷ்னிர் நூலகக் கூடம். நினைவாக: ஹாயிம் குஷ்னிர், கோல்தெ குஷ்னிர், பெர்லா குஷ்னிர். அவர்கள் ஆன்மா சாந்தியடைக.

நாற்பதாயிரம் என்றாள். காகிதத்தை மேசைமேல் விரித்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

இசிதோரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மூன்றாவது பெயருக்கு வந்ததும் அவர் விரல் அங்கேயே நின்றது. முகம் வெளிறிப்போனதை நொயெமி பார்த்தாள். மனசு நெகிழ்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கெட்டியாக வாயை மூடிக்கொண்டாள், பைத்தியக்காரி.

"யாரும்மா சொன்னா உனக்கு, இவ செத்துட்டான்னு?"

"நீங்கதான், தோன் இசிதோரோ. அந்த மெழுகுவத்தி..."

"பெர்லா இங்கருந்து பதினஞ்சு தெரு தள்ளி இருக்கா. கபாஷீத்தோவுல. புருஷன் வெச்ச மருந்துக்கடை, தெல் ஓர்த்தோன்னு போர்டு இருக்கும். போன மாசம்கூட அந்தப் பக்கம் பஸ்ஸுல போனேன், கடை வாசல்ல நின்னு யாரோடயோ சண்டை போட்டுக்கிட்டு இருந்தா."

பிறகு மெதுவாகச் சொன்னார். இருபத்திரண்டு வயதில் பெர்லா ஓர் இத்தாலிக்காரனைக் கட்டிக்கொண்டாள். கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கன். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில் அப்பா வீட்டுக் கண்ணாடிகளைத் துணி போட்டு மூடினார். சட்டையைக் கிழித்துக்கொண்டார். செத்தவளுக்கு உட்காருகிற மாதிரி ஏழு நாள் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார். பக்கத்தில் அம்மா, அந்தப் பக்கம் இருபத்தாறு வயது இசிதோரோ. அந்தக் காலத்தில் அப்படிச் செய்த வீடுகள் உண்டு, எங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்ல அனுமதி இருந்த ஒரே நாள், அப்பா மெழுகுவர்த்தி ஏற்றுகிற ஜூலை பதினாலு. அப்பா போனபிறகு இவர் ஏற்றினார்.

"அந்த ஒரு நாள்தான் எனக்கு அவ பேர் வாயில வரும். அதுக்காகத்தான் ஏத்துனேன். அது என் அடுக்களையோட போச்சு. நீ அதைப் பித்தளையில வெட்டி ஊர் பார்க்க மாட்டப் பார்த்தியே, நொயெமி. உயிரோட இருக்கறவ பேரை."

எழுந்து நின்றார். போகச் சொன்னார். அவள் கொண்டுபோன கேக்கில் மிச்சமிருந்ததைக் காகிதத்தில் சுற்றி அவள் கையிலேயே திணித்தார். எங்கள் ஆட்கள் ஒருவரைத் துரத்தும்போதும் வெறும் வயிற்றோடு துரத்தமாட்டார்கள். கதவு சாத்தப்பட்டது.

தீத்தோவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாற்பதாயிரம் டாலரை ஒரு தகட்டாலேயே அடித்துக் கொன்ற ஒரே ஆள் அர்ஜென்டினாவில் நீதான் என்றார். பிறகு பாவமாக இருந்தது போலிருக்கிறது, மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

கூரை போனது ஒரு பக்கம். அதைவிட அவளைக் குடைந்தது வேறொன்று. உயிரோடு இருக்கிற மனுஷி பெயரை அவள் கையால் செத்தவர் வரிசையில் எழுதியிருக்கிறாள். புத்தாண்டுக்கும் உபவாச நாளுக்கும் நடுவே பத்து நாட்கள். யாருக்குத் தப்பு செய்தோமோ அவரிடமே போய் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டிய நாட்கள் அவை. ஆளைவிட்டுக் கடவுளிடம் கேட்டால் செல்லாது. நொயெமி அவ்வளவு சாஸ்திரம் பார்க்கிறவள் அல்ல. ஆனால் மூன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாலாம் நாள் காலையில் அந்த வரைபடத்தையே கைப்பையில் வைத்துக்கொண்டு கபாஷீத்தோவுக்குப் போனாள்.

மருந்துக்கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். பெர்லா உள்ளறையில் உட்கார்ந்து மருந்துச்சீட்டுகளைத் திட்டிக்கொண்டே அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுபத்துமூன்று வயது, சாயம் பூசிய சிவப்பு முடி, அண்ணனுடைய அதே தாடை. நொயெமி நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து மன்னிப்புக் கேட்டாள். பெர்லா சிரித்தாள். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

"அம்பது வருஷமாச் செத்துக் கெடக்கேன், இப்பதான் ஒருத்தி கல்வெட்டு போட வந்திருக்கா. கொண்டா பார்க்கலாம்."

காகிதத்தை வாங்கி வெளிச்சத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அப்பா, அம்மா, நான்" என்றாள். "இவங்களுக்குப் பக்கத்துல என்னை வெச்சு யாரும் எழுதுனதில்லம்மா."

மெழுகுவர்த்தி ஏற்றுகிற தேதி என்ன என்று பிறகு கேட்டாள். ஜூலை பதினாலு என்றாள் நொயெமி.

"அது என் கல்யாண நாளு."

கடைக்குள் மகன் யாருக்கோ இருமல் மருந்துக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தான். பெர்லா காகிதத்தை நாலாக மடித்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். திருப்பித் தருகிற உத்தேசம் இல்லை. சின்ன வயதில் அந்த இல்லத்துப் பிள்ளைகள் பாட்டுக்குழுவில் தான் முதல் வரிசை என்றாள். கூரை அப்போதே ஒழுகும், மழை வந்தால் இரண்டாம் குரல்காரர்கள் எல்லாம் முதல் குரல் பக்கம் ஓடிவந்துவிடுவார்கள் என்றாள். கைப்பையைத் திறந்து எண்ணி நூற்றெண்பது பேசோ வைத்தாள். பதினெட்டு எங்களுக்கு உயிரின் எண். நல்ல காரியத்துக்குக் கொடுத்தால் பதினெட்டுப் பதினெட்டாகத்தான் கொடுப்போம்.

"எங்க அண்ணன் ஸ்ருலிக் நூறு வயசு இருக்கணும்னு எழுதிக்க. யார் பேருக்குக் கொடுத்தாலும் அவங்களுக்கு ஒரு கடுதாசி போடுவீங்கல்ல? அதைப் போட்டுடு." ஸ்ருலிக் என்பது இசிதோரோவை வீட்டில் கூப்பிடுகிற பெயர்.

கேட்காமல் வந்த பணம் நொயெமிக்குப் பழக்கமில்லை. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதாள்.

அந்தக் கடிதம் இல்லத்தில் வருடம் முழுக்கப் போகிற கடிதம்தான். பிறந்தநாளுக்குப் போகும், ஆபரேஷன் முடிந்தவருக்குப் போகும். நொயெமி ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. திருமதி பெர்லா குஷ்னிர் தெல் ஓர்த்தோ அவர்கள், தங்களுடைய நீண்ட ஆயுளை வேண்டி, எங்கள் நூலகக் கூரைக்கு நன்கொடை அளித்துள்ளார்கள் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். கையெழுத்துப் போட்டு, தபாலை நம்பாமல், தானே கொண்டுபோய் அல்மாக்ரோ வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தாள்.

உபவாசத்துக்கு முந்தின நாள் முற்பகல் இசிதோரோ இல்லத்துக்கே வந்தார். கோட்டும் டையும். கையில் அந்தக் கடிதம். நூலகத்துக்குள் போய்த் தலையை நிமிர்த்தி, கூரை இருந்த இடத்தில் தெரிந்த வானத்தைப் பார்த்தார். அரங்கத்துக்கு வந்து பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். புத்தகம் இல்லாத ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நொயெமி கூரையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நூற்றெண்பது பேசோவுக்கு எவ்வளவு கூரைத் தகடு வரும் என்று கேட்டார். ஒன்று, அதுவும் சின்னது என்றாள். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள், முடியைச் சிவப்பாக்கியிருக்கிறாள் என்றாள். அவர் மூக்கைச் சிந்தினார். கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நான் ஜென்மத்துல யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல நொயெமி. கேக்கறதுதான உன் தொழில். எப்படிக் கேக்கணும்னு சொல்லு."

நேரில் போகணும் என்றாள். வெறுங்கையோடு போகக் கூடாது. கொடுத்ததைச் சாப்பிடணும்.

"அப்பறம்?"

"வேணுங்கறதைச் சொல்லிட்டு வாயை மூடிக்கணும். அடுத்த வார்த்தை அவங்களோடது."

"எனக்கு என்ன வேணும்னு சொல்றது? அம்பது வருஷம்..."

"உள்ள வரலாமான்னு மட்டும் கேளுங்க, தோன் இசிதோரோ. அதுக்கு மேல கேட்டா பெரிய தொகையாப் போயிடும்."

கொரியெந்தெஸ் அவென்யூவில் ஒரு கடையில் லெகேஜ் வாங்கினார்கள். அவர் இரண்டு வாங்கினார், ஒன்று போதாது என்று பயம். டாக்சி வேண்டாம் என்று நடந்தார். நொயெமி பக்கத்தில் நடந்தாள். மூன்று இடத்தில் நின்றார், மூன்று தடவையும் திரும்பிப் போய்விடுவாரோ என்று அவளுக்குத் திக்கென்றது. மத்தியான ஓய்வுக்குக் கடை சாத்தியிருந்தது. பக்கத்திலிருந்த வீட்டுக் கதவில் அழைப்பு மணியை அழுத்தினார். கதவருகே இருந்த பேச்சுப் பெட்டி கரகரத்தது.

"யாரு?"

இசிதோரோவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நொயெமி தன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாருங்க அது?"

"ஸ்ருலிக்" என்றார். "நான்தான், ஸ்ருலிக். உள்ள வரலாமா?"

பெட்டி சும்மா இருந்தது. ஒரு பேருந்து போனது. அவர் இன்னும் ஏதோ சொல்லப் பெட்டியின் பக்கம் குனிந்தார். நொயெமி அவர் முழங்கையைப் பிடித்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பொத்தான் முதலாளியின் விதவைக்குப் பதினொரு நிமிடம். இதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அவளுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கேக் பொட்டலத்தின் நூல் அவர் விரலை வெட்டிக்கொண்டிருந்தது.

"கதவு கொஞ்சம் இறுக்கும்" என்றது பெட்டி. "தோளால தள்ளு."

அவர் தள்ளினார். நொயெமி கூடப் போகவில்லை. இருபத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, பெரிய கை ஒன்றைப் பார்த்துவிட்டுத் தொகையைச் சொல்லாமலே வீடு திரும்பினாள்.

அக்டோபர் கடைசியில் பொதுக்கூட்டம். புத்தகங்களுக்கு நடுவே ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். தீத்தோ விற்பனைத் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கியபோது கதவு திறந்தது. சிவப்பு முடி முன்னால், டை கட்டியவர் பின்னால். எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களோ, உள்ளே வந்தும் சண்டையை நிறுத்தவில்லை. ஐம்பது வருடத்துப் பாக்கி இருந்தது. பெர்லா நேரே மேடைக்குப் போய்த் தீத்தோவின் கையில் ஓர் உறையைக் கொடுத்தாள். அவர் பிரித்து உள்ளே இருந்த காசோலையைப் பார்த்துவிட்டு, தீர்மானத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நவம்பரில் கூரை ஏறியது.

தகட்டில் என்ன எழுதுவது என்று நொயெமி கேட்கப் பயந்தாள். பெர்லாவே எழுதிக் கொடுத்தாள். பொறிப்புக்காரர் தப்பு நேர்ந்துவிட்டதோ என்று இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டார். தப்பில்லை என்று இரண்டு தடவையும் நொயெமி சொன்னாள். நூலகத்துக்குள் நுழைந்ததும் வலது கைச் சுவரில் இருக்கிறது: இந்தக் கூரையைப் போட்டவர்கள் இசிதோரோ குஷ்னிரும் அவர் தங்கை பெர்லாவும். இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஐந்து வருடம் ஒவ்வொரு வியாழனும் சேர்ந்து பாட்டுக்குழுவுக்கு வந்தார்கள். அவருக்குச் சுருதியே சேராது. அவள் முழங்கையால் இடிப்பாள். ஜூலை பதினாலில் கேக் மட்டும் வெட்டினார்கள். ஒரு குளிர்காலத்தில் இசிதோரோ போனார். அடுத்த வசந்தத்தில் பெர்லாவும் போனாள்.

அதற்குப் பிறகு நடந்த குழுக்கூட்டத்தில் தீத்தோ தயங்கித் தயங்கித்தான் எடுத்தார். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி கேட்கிறார்கள், அந்தத் தகட்டை மாற்றி, முறைப்படி நினைவாக என்று போட்டுவிடலாம், பெரிய செலவில்லை, நொயெமி யாரிடமாவது கேட்டால் கிடைத்துவிடும் என்றார். எல்லோரும் அவளைப் பார்த்தோம். கேட்கச் சொல்லி மறுத்த பழக்கம் அவளுக்குக் கிடையாது. தன் சம்பளம் வராத மாதத்தில்கூட மேசை விளக்குக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவள்.

"அதுக்கு மட்டும் நான் யார்கிட்டயும் கேக்க மாட்டேன், தீத்தோ" என்றாள்.

தகடு அப்படியேதான் இருக்கிறது.